ஈரக் கையுறை

பெரியப்பா மறுபடியும் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். அது ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. கதவை வெளிப்பக்கமாகத் தள்ளி, கொக்கியை மாட்டி, மாட்டியது சரிதானா என்று ஆட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த கையோடு கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் கைக்குட்டை மூக்கிலேயே இருந்தது.

மூத்தவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகையை மறைக்கிறார் என்று நினைத்தாள். கூடப் பிறந்தவன் போய்விட்டால் அண்ணனுக்கு இருக்காதா என்ன? எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

கூடத்தின் நடுவில், குளிர்பெட்டியின் கண்ணாடி மூடிக்கு அடியில் அப்பா படுத்திருந்தார். சின்னவள் பட்டம் வாங்கிய வருஷம் எடுத்த வெள்ளைச் சட்டை. தலையை அம்மா வாரிவிட்டிருந்தாள். வகிடு அவர் எடுக்கிற பக்கம் இல்லை, அவளுக்குப் பிடித்த பக்கம் இருந்தது. உயிரோடு இருந்தவரை அவர் அதற்கு ஒத்துக்கொண்டதே இல்லை. பெட்டியைச் சுற்றித் தரைவரைக்கும் நீலத் துணி தொங்கியது. கால்மாட்டில், சுவரை ஒட்டினாற்போல, துணிக்குப் பின்னால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

தெருவில் அவருக்குச் சாம்பிள்காரர் என்று பெயர். சின்னச் சின்ன கிளினிக்குகளில் எடுக்கிற ரத்தத்தையும், நாலு பேர் நடுவில் பெயர் சொல்ல முடியாத மற்ற சமாச்சாரங்களையும் வாங்கி, பைக்கின் பின்னால் கட்டிய ஐஸ் பெட்டியில் வைத்து, பெரிய பரிசோதனை லேபில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. வெயிலோ மழையோ, வழியில் எங்கேயும் நிற்க மாட்டார். "நான் டீ குடிக்க நின்னதுக்காக ஒரு குழந்தைய மறுபடியும் ஊசியால குத்தணுமா?" என்பார். டீயெல்லாம் வீட்டுக்கு வந்துதான்.

அன்று காலையும் தூறலில் முதல் சுற்றை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று நனைந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி அம்மாவின் கையில் கொடுத்தார். "டீ போடு, அதுக்குள்ள கொஞ்சம் சாஞ்சுக்கறேன்" என்றார். டீ வந்தபோது அவர் இல்லை. பக்கத்துத் தெரு டாக்டர் வந்து நாடி பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மாரடைப்பு என்றார். தூக்கத்தில் போனதுபோலத்தான், வலி தெரிந்திருக்காது என்றும் சொன்னார். அதை அம்மா எல்லோரிடமும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சின்னவள்தான் பாக்கி. அவளுக்கு வேலை எங்கேயோ பல ஊர் தள்ளி. சேதி கேட்டதும் கிடைத்த பஸ்ஸில் ஏறியிருந்தாள். அதிலிருந்து இறங்கி இன்னொன்று பிடிக்க வேண்டும். எப்படி அடித்துப் பிடித்து வந்தாலும் நாளைக்கு விடிந்துதான் வந்து சேருவாள். வழியெல்லாம் போன் செய்துகொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவையும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"அக்கா, அப்பா இருக்காரில்ல?"

"இருக்காருடி."

"போன தடவை நான் கிளம்பறப்ப அவரு டூட்டில இருந்தாருக்கா. என் பஸ் சிக்னல்ல நின்னப்போ பைக்க பக்கத்துல கொண்டு வந்து நிறுத்தி டாட்டா காட்டினாரு. ஹெல்மெட் போட்டிருந்தாரு. மொகத்தையே பாக்கல."

"நீ வந்து மொகத்தப் பாக்காம அவரு எங்கயும் போக மாட்டாரு. நான் விட மாட்டேன். போதுமா?"

சொல்லிவிட்டாள். சொன்ன சொல்லை எப்படிக் காப்பாற்றுவது என்கிற யோசனை அப்போது வரவில்லை. காலையில்தான் எடுப்பது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தாகிவிட்டதே என்கிற தைரியம்.

பெரியப்பா தண்ணீரைக் குடிக்காமல் டம்ளரோடு எழுந்தார். சமையலறை வாசலுக்கு வரும்படி அவளுக்குச் சைகை காட்டினார். அவர் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில் தாமதமாக வந்தால்கூட அந்தத் தாமதத்தைச் சரியான நேரத்துக்கு அறிவித்தவர். எதையும் சுற்றி வளைக்காமல் பேசுகிற மனிதர், அன்றைக்கு மட்டும் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாயந்தரமே எடுத்துடலாம்மா."

"காலைலன்னுதானே பேசினோம் பெரியப்பா? சின்னவ வரணுமே."

"வரணும்தான். ஆனா தாங்காதும்மா."

"அதெல்லாம் தாங்குவாங்க. நான் பக்கத்துலயே இருக்கேன்ல. இப்பக்கூட ஒரு டம்ளர் பால் குடிக்க வெச்சேன்."

பெரியப்பா அவளை இரக்கத்தோடு பார்த்தார். "நான் உங்கம்மாவச் சொல்லலம்மா" என்றார்.

அவளுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "ஐஸ் பெட்டியில இருக்காரே" என்று மட்டும் சொன்னாள்.

"பெட்டி சரியில்ல போலிருக்கு. எனக்கு மட்டும்னா பரவால்ல. எல்லாருக்கும் தெரியுது. வர்றவன் போறவன்லாம் என் தம்பியப் பாத்து மூக்கப் பொத்தறத நான் உக்காந்து பாக்கணுமா?" பெரியப்பாவின் குரல் உடைந்தது. "சின்ன வயசுல அவன் சட்டையில ஒரு பொத்தான் இல்லேன்னாகூட அவன ஸ்கூலுக்கு விட மாட்டேன். என்னால முடியலம்மா."

கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால் அவளும் திருப்பிச் சொல்லியிருப்பாள். அவர் அழுதுவிட்டார்.

கூடத்துக்குத் திரும்பி வந்தபோதுதான் எல்லாம் கண்ணில் பட்டது. கால்மாட்டுப் பக்கம் போட்டிருந்த நாற்காலிகள் அத்தனையும் எப்படியோ நகர்ந்து தலைமாட்டுப் பக்கம் வந்திருந்தன. எதிர்வீட்டு அக்கா யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, கதவுக்குப் பின்னால் நின்று ரோஜா வாசனை ஸ்பிரேயை உஸ் உஸ்ஸென்று அடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவோடு வேலை பார்க்கிறவர்கள் தூறலில் நனைந்துகொண்டு வாசலிலேயே நின்றார்கள். உள்ளே வருகிறவர்கள் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி, கும்பிட்டு, மூச்சை விடுவதற்கு வாசலுக்குப் போனார்கள்.

மூத்தவள் பெட்டியின் மேல் குனிந்தாள். மூச்சை இழுத்துப் பார்த்தாள். ரோஜா ஸ்பிரே வந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. வீடு எப்போதும் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. இன்னும் சொல்லப்போனால், காலையிலிருந்து இந்தக் கூடத்தில் அவளுக்கு இதமாக இருந்ததே அது ஒன்றுதான். அழுது அழுது மூக்கு அடைத்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டு, சிந்திவிட்டு வந்து மறுபடி இழுத்துப் பார்த்தாள். அதேதான்.

"அம்மா, உனக்கு ஏதாவது வாசம் வருதா?"

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்தாள். "என்ன வாசம்?"

"ஒண்ணும் இல்ல, விடு."

பெரியப்பா வாசலில் நின்று போனில் வண்டிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். இருட்டுவதற்குள் வந்துவிட வேண்டும் என்பது காதில் விழுந்தது. பக்கத்தில் நின்ற ஹாரனுக்கும் அது விழுந்துவிட்டது. ஹாரன் என்பது அப்பாவோடு சாம்பிள் தூக்கும் இன்னொருவருக்கு லேபில் வைத்த பெயர். ரகசியம் பேசினால் அடுத்த தெருவில் ஜன்னல் திறக்கும்.

"எதுக்குங்க சாயந்தரமே? பாப்பா வந்துட்டிருக்கில்ல?"

"மெதுவாப் பேசுப்பா. உடம்பு... கொஞ்சம் இதாயிட்டிருக்கு."

"கெட்டுப்போச்சுங்கறீங்களா?" அதுவரை குசுகுசுவென்று மட்டுமே பேசப்பட்ட விஷயம் தெருவுக்கே ஒலிபரப்பானது. "அண்ணன் கைல இத்தனை வருஷத்துல ஒரு சாம்பிள்கூடக் கெட்டதில்லைங்க. அவரு போயி கெடுவாரா? சும்மா இருங்க!"

நியாயம் என்று பார்த்தால் அதில் ஒன்றும் இல்லைதான். ஆனாலும் மூத்தவளுக்கு அந்தக் கரகரத்த குரல்மேல் அன்பு பொங்கியது. அதன் வேகத்தில்தான் பெட்டிக்காரருக்குப் போன் போட்டாள். "உங்க பெட்டி வேலை செய்யல. உடனே வந்து பாருங்க. சரி பண்ணிட்டீங்கன்னா எங்க தங்கச்சி அப்பாவப் பாத்துடுவா" என்றாள். சம்பந்தமில்லாத கடைசி வாக்கியத்தையும் ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

பெட்டிக்காரர் ஸ்குரூடிரைவரும் கையுமாக வந்து இறங்கினார். தொழிலை யாரோ அவமானப்படுத்திவிட்ட கோபம் முகத்தில் தெரிந்தது.

"நம்ம பெட்டிய இதுவரைக்கும் ஒருத்தர் குறை சொன்னதில்லைங்க."

"உள்ள படுத்தவங்க எப்படிப்பா சொல்லுவாங்க?" என்றார் ஹாரன்.

பெட்டிக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பக்கவாட்டில் இருந்த சின்னத் திரையைத் துடைத்து எல்லோருக்கும் காட்டினார். குளிர் எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு இருந்தது. கண்ணாடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பெரியப்பா தொட்டுப் பார்த்தார். சில்லென்றுதான் இருந்தது. "அப்புறம் ஏன் இந்த..." என்று இழுத்தார் பெரியப்பா. "மோட்டாரையும் பாத்துடறேன், வாங்க" என்று பெட்டிக்காரர் கால்மாட்டுக்குப் போய், மண்டியிட்டு, நீலத் துணியைத் தூக்கினார்.

"ஐயய்யோ! எலிங்க! ரெண்டு எலி செத்துக் கெடக்கு!"

நாற்காலிகளில் இருந்தவர்கள் கால்களைத் தூக்கிக்கொண்டார்கள். எதிர்வீட்டு அக்கா ஸ்பிரே டப்பாவை ஆயுதம்போல நீட்டினாள். காலையிலிருந்து டாக்டர் சொன்னதைத் தவிர வேறெதையும் முழுதாகப் பேசாத அம்மா, தலைமாட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கத்தாதப்பா. எலி இல்ல அது. இவரோட கிளவுஸ்."

தூக்கிய கால்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. 

"செத்த எலின்னு கல்யாணம் ஆன நாள்லேருந்து நானும் சொல்லிட்டிருக்கேன்" என்றாள் அம்மா, பெட்டியைப் பார்த்து. "கேட்டீங்களா? இப்ப பாருங்க, மூணாம் மனுஷன் வந்து சொல்றான்."

முதலில் சிரித்தது யார் என்று பிறகு ஒரு சர்ச்சை நடந்தது. ஹாரன் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் சத்தியம் செய்து மறுத்தார். யாராக இருந்தாலும், அதற்குப் பிறகு அடக்க முடியவில்லை. வாசலில் நின்ற சாம்பிள் தூக்குகிறவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தக் கையுறையை அவர்கள் எல்லோருக்கும் தெரியும். லேபில் அதை மேசைமேல் வைக்கக் கூடாது என்று தனியாக ஓர் ஆணி அடித்துக் கொடுத்திருந்தார்கள். பெரியப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய முதுகு குலுங்கியது. அது சிரிப்பா வேறொன்றா என்று யாரும் பார்க்கப் போகவில்லை.

மூத்தவள் குனிந்து இரண்டையும் வெளியே எடுத்தாள். மோட்டாரின் சூடான காற்று வரும் கம்பி வலைமேல் அவை அருகருகே சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. தோல் வெந்து, விரல்கள் மடங்கி, சூடாக இருந்தன. உள்ளே இன்னும் ஈரம் காயவில்லை. காலையிலிருந்து அந்த மோட்டார் அப்பாவின் வேர்வையைக் காய்ச்சிக் காய்ச்சிக் கூடம் முழுக்க ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. பிறந்ததிலிருந்து அவளுக்கு அது நாற்றமாகப் பட்டதில்லை. மழை நாளில் அது வந்தால் அப்பா வேலை முடிந்து வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். அம்மாவும் வாயால் திட்டினாளே தவிர, அவளுடைய மூக்கு எப்போதோ சமாதானமாகிவிட்டிருந்தது.

"யாரும்மா இத இங்க வெச்சது?"

"நான்தான்."

"எதுக்கு?"

"பெட்டி வர்ற வரைக்கும் கையிலயே வெச்சிருந்தேன். ஒரே ஈரம். எப்பவும்போல ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி வைக்கலாம்னு போனேன், அங்க யாரோ நின்னுட்டிருந்தாங்க. திரும்பி வந்தா இங்க சூடாக் காத்து வந்துச்சு. சரி, காலைல டூட்டிக்குப் போட்டுட்டுப் போகணுமே, அதுக்குள்ள காஞ்சிடும்னு..."

தான் சொன்னது சொல்லி முடித்த பிறகுதான் அம்மாவுக்கே கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்புச் சத்தம் ஒவ்வொரு மூலையாக நின்றது. மூத்தவள் கையுறைகளைக் கீழே போட்டுவிட்டுப் போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் அம்மாவுக்கு வந்தது. நன்றாக, சத்தம்போட்டு, மூக்கொழுக அழுதாள். பார்த்துக்கொண்டிருந்தவர்களும் அழுதார்கள். பெட்டிக்காரர் ஸ்குரூடிரைவரைச் சட்டைப்பையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெரியப்பா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். "வண்டி இப்ப வேணாம்ப்பா. காலைல வந்தாப் போதும்." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "தாங்கும், தாங்கும். அதெல்லாம் நல்லாவே தாங்கும்" என்றார்.

உள்ளே வந்ததும் அவர் முதலில் சொன்னது, "அதத் தூக்கி வெளில எறிங்கப்பா" என்பதுதான். ஹாரன் இரண்டு விரலால் கையுறைகளைத் தூக்கினார்.

"எறியக் கூடாது" என்றாள் அம்மா. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள். "காலைலேருந்து வந்துட்டுப் போனவங்க எல்லாரும் என்ன நினைச்சிட்டுப் போயிருப்பாங்க? அவருதான்னு. நாத்தம்னு பேரோட என் வீட்டுக்காரர் போகக் கூடாது. இந்தக் கிளவுஸோட நாத்தத்தப் போக்கணும். காலைல எதிர்வீட்டுக்காரி வந்து மோந்து பாத்து நல்லா இருக்குன்னு சொல்லணும்."

"நான் எதுக்கு மோந்து பாக்கணும்?" என்றாள் எதிர்வீட்டு அக்கா, ஸ்பிரேயைப் பின்னால் மறைத்துக்கொண்டு.

"நீதானே டப்பாவ காலி பண்ணினே."

அதற்கப்புறம் அந்த வீடு வேறு வீடாகிவிட்டது. காலையிலிருந்து என்ன பேசுவது என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் பேச ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. நாற்காலிகள் கால்மாட்டுக்குத் திரும்பி வந்தன. முகப் பவுடரைக் கொட்டினால் போதும் என்றாள் எதிர்வீட்டு அக்கா. அதை அப்பா செய்து பார்த்திருக்கிறார். கையை விட்டு எடுத்தபோது மணிக்கட்டுவரை வெள்ளையாக வந்து, கிளினிக்கில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதிருக்கிறது. பெட்ரோலில் முக்க வேண்டும் என்றார் ஹாரன். "அப்புறம் அவரு வெயில்ல போனாத் தீப்பிடிச்சிடும்" என்று யாரோ சொன்னார்கள். சோப்புத் தூளில் ஊறவைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். அதுவும் ஆகிவிட்டது. ஒரு தடவை ராத்திரி முழுக்க வாளியில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்து, விறகாகிப்போன கையுறையோடு ஒரு வாரம் பிரேக் பிடிக்க முடியாமல் வண்டி ஓட்டியிருக்கிறார்.

"ஃப்ரீசர்ல வெச்சா நாத்தம் செத்துடும்ங்க" என்றார் பெட்டிக்காரர். தனக்குத் தெரிந்த வைத்தியத்தை நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

எல்லோரும் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார்கள். பிறகு அம்மாவைப் பார்த்தார்கள்.

"வேணாம்" என்றாள் அம்மா. "இருந்த வரைக்கும் ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தது போதும். இன்னிக்காவது அவரு நிம்மதியாத் தூங்கட்டும்."

மூத்தவள் ஒரு தோல்பொருள் கடையில் வேலை பார்த்தாள். கைப்பை, பெல்ட், செருப்பு, ஜாக்கெட் எல்லாம் விற்கிற கடை. தோலில் நாற்றம் ஏறினால் என்ன செய்வது என்று வாடிக்கையாளர்களுக்குத் தினமும் சொல்கிறவள், வீட்டில் மட்டும் சொல்லி ஜெயித்ததில்லை. நாற்றத்தைப் போக்குவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. உள்ளே இருக்கிற துணியைத் துடைத்து, காற்றோட்டமாக நிழலில் போட்டு, ரெண்டு நாள் தொடாமல் விட வேண்டும். அந்த ரெண்டு நாளில்தான் அப்பா எப்போதும் மாட்டிக்கொள்வார். "ரெண்டு நாள் போடாம இருந்தா நாத்தம் போயிடும், கூடவே வேலையும் போயிடும்" என்பார். ராத்திரி என்ன மருந்து போட்டாலும் விடிந்ததும் கையை நுழைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

வினிகர் கொண்டுவரச் சொன்னாள். அதில் பாதிக்குமேல் தண்ணீர் கலந்தாள். பழைய பனியனைக் கிழித்து நனைத்து, ஒட்டப் பிழிந்தாள். கையுறையின் உள்துணியை வருகிற மட்டும் வெளியே இழுத்து, ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். துணி முதலில் கறுப்பாக வந்தது. பிறகு பழுப்பாக வந்தது. தண்ணீரை மாற்றி மறுபடி துடைத்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பனியனைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தாள். நீளமாக, ஒரே அகலத்தில் கிழித்தாள். 

"அழுத்தித் தேய்க்காதே" என்றாள் அம்மா. "தையல் விட்டுடும். அந்தச் சுண்டுவிரல் நான் தச்சது."

ஈரம் போக உள்ளே செய்தித்தாளைத் திணிக்க வேண்டும். அந்த வேலையைப் பெரியப்பா யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்டார். தாளைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, சுருட்டி, ஒவ்வொரு விரலுக்கும் அளவு பார்த்து நுழைத்தார். விரல்கள் நிமிர்ந்து, புறங்கை மேடேறி, கொஞ்ச நேரத்தில் அவர் மடியில் இரண்டு கைகள் இருந்தன. பெரியப்பா நிறுத்திவிட்டார். இடது கையின் கட்டைவிரல் நுனி மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. அதைத் தன் விரலால் தடவிப் பார்த்தார்.

"இது ஏம்ப்பா இப்படித் தேஞ்சிருக்கு?"

"ஹாரன் பட்டன் அந்தப் பக்கம்தாங்க" என்றார் ஹாரன். "என்னைய ஹாரன்னு சொல்லுவாங்க. நெஜத்துல அதிகமா அடிச்சது அவருதான்." முதல் தடவையாக அவர் மெதுவாகப் பேசினார்.

பெரியப்பா தலையாட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். ஈரத்தாளை எடுத்துவிட்டுக் காய்ந்த தாளைத் திணித்தார். அதை மறுபடி மாற்றினார். ஜன்னலுக்குப் பக்கத்தில் மின்விசிறிக் காற்று படுகிற இடமாகப் பார்த்து வைத்தார். படுக்கப் போகுமுன் மூத்தவள் தாளையெல்லாம் உருவிவிட்டு, கையுறைகளுக்குள் சமையல் சோடாவைக் கொட்டிக் குலுக்கி, வாயைக் கட்டி வைத்தாள். "ரெண்டு நாள் இருந்தா முழுசாப் போயிடும். ஒரு ராத்திரிக்கு எவ்வளவு போகுமோ அவ்வளவுதான்" என்றாள்.

"போகும்" என்றாள் அம்மா. "இப்பத்தானே அவரு லீவு போட்டிருக்காரு."

சின்னவளின் பஸ் நெடுஞ்சாலைச் சந்திப்பில்தான் நிற்கும். விடியும் நேரத்தில் அங்கே ஆட்டோ கிடைக்காது. மூத்தவளின் வீட்டுக்காரர் இறப்புச் சான்றிதழுக்காக நேற்றெல்லாம் அலைந்துவிட்டு மூலையில் தூங்கிக்கொண்டிருந்தார்; எழுப்ப மனம் வரவில்லை. அப்பாவின் பைக் வாசலில் நின்றது. மூத்தவள் சாவியை எடுத்தாள். தூறல் நின்றிருந்தாலும் காற்று ஊசிபோலக் குத்தியது. கையுறைகளை அவிழ்த்து, தட்டி, சோடாவை உதறினாள். முகர்ந்து பார்த்தாள். வினிகர் வாசம் லேசாக இருந்தது. தோல் வாசம் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, என்னவோபோலவும் இருந்தது. மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

சந்திப்பில் பெட்டிக்கடையின் கூரைக்குக் கீழே சின்னவள் நின்றிருந்தாள். தோளில் ஒரு பை. கைகளை அக்குளில் செருகியிருந்தாள். பைக்கைப் பார்த்ததும் ஒரு கணம் அவள் முகம் மாறியது. ஓட்டி வந்தது யார் என்று தெரிந்ததும் பழையபடி ஆயிற்று.

"இருக்காரில்ல?"

"இருக்காரு. ஏறு."

சின்னவளின் விரல்கள் குளிரில் வெளுத்திருந்தன. மூத்தவள் கையுறைகளைக் கழற்றி அவளிடம் கொடுத்தாள். சின்னவள் மாட்டிக்கொண்டு, வழக்கமான எச்சரிக்கையோடு தள்ளிப் பிடித்து முகர்ந்தாள். பிறகு கிட்டக் கொண்டுவந்து முகர்ந்தாள்.

"யாருதுக்கா இது?"

"அப்பாவோடது."

"போ. அப்பாவோடது எனக்குத் தெரியாதா?"

"அப்பாவோடதுதான்டி. நேத்து ஊரே சேந்து சுத்தம் பண்ணினோம். பெரியப்பாகூட."

"பெரியப்பாவா?"

"வீட்டுக்கு வா, சொல்றேன். சிரிப்பே."

சின்னவள் நம்பவில்லை. சுண்டுவிரலைத் திருப்பி, அம்மாவின் தையலைக் கண்டுபிடித்த பிறகுதான் நம்பினாள். ஏறி உட்கார்ந்தாள். அக்காவின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள். மூத்தவள் வெறுங்கையோடு ஓட்டினாள். விரல்கள் மரத்துப்போயின. கிளட்சை விடும்போது வண்டி இரண்டு தடவை குலுங்கியது. வீடு வரும்வரை அவள் எங்கேயும் நிறுத்தவில்லை.

வாசலில் இருந்தவர்கள் எழுந்து வழி விட்டார்கள். பெரியப்பா சின்னவளின் தலையைத் தொட்டுவிட்டு ஒதுங்கினார். சின்னவள் பையை இறக்கக்கூட இல்லை, நேராகப் பெட்டியிடம் போனாள். அங்கே போய் நின்றுவிட்டாள். ராத்திரிக் குளிருக்குக் கண்ணாடி முழுக்க ஈரம் பூத்திருந்தது. உள்ளே வெள்ளையாக ஒரு சட்டை இருப்பது மட்டும்தான் தெரிந்தது.

அவள் குனிந்து, கையில் இருந்த கையுறையோடு அப்படியே கண்ணாடியைத் துடைத்தாள். நெற்றி தெரிந்தது. மறுபடி துடைத்தாள். மூக்கும், மீசையும், சவரம் செய்யாத கன்னமும் தெரிந்தன. கையுறைக்குள் மிச்சமிருந்த சோடா உதிர்ந்து கண்ணாடியில் வெள்ளைக் கோடாக இழுபட்டது. அம்மா எழுந்து பக்கத்தில் வந்து நின்றாள். தன் கைத்துண்டால் அந்தக் கோட்டைத் துடைத்தாள். இருவரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இந்தப் பக்கமும் துடைடி" என்றாள் அம்மா. "காது தெரியல."